வெயில் படாத எலும்புகள்

எலும்பைப் பற்றிய கவலை நம்மவர்களுக்குப் பெரும்பாலும் அறுபது வயதுக்கு மேல்தான் பிறக்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்ட பாட்டியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு போகிறவர்கள், அந்த எலும்பு முதன்முதலில் எப்போது, எதைக் கொண்டு கட்டப்பட்டது என்று விசாரிப்பதில்லை. விசாரிக்கப் புகுந்தால், நூறாண்டுகளாகப் பல தேசத்து வைத்தியர்கள் திரட்டிவைத்திருக்கும் சாட்சியங்கள் நம்மைப் பிரசவ வார்டுக்கும், அதற்கும் முந்திக் கர்ப்பிணி நடமாடும் வீட்டுக்கும் அழைத்துச் செல்கின்றன. அந்த வீட்டில் சோறும் பாலும் எவ்வளவு இருந்தன என்று மட்டும் கேட்டால் போதாது, அவள் மேல் வெயில் எவ்வளவு பட்டது என்றும் கேட்க வேண்டும் என்பதே அச்சாட்சியங்களின் சாரம்.

சிசுவின் உடலில் முதன்முதலாக எலும்பாகத் தொடங்குவது மண்டையுமல்ல, முதுகெலும்புமல்ல. தோளையும் மார்பையும் இணைக்கிற காறை எலும்பு. நாள் தள்ளிப் போயிருக்கிறது என்பது தாய்க்கே அப்போதுதான் நிச்சயப்பட்டிருக்கும் ஆரம்ப வாரங்களில், மெல்லிய சவ்வு ஒன்றின் நடுவே அதன் முதல் புள்ளி கெட்டிப்படுகிறது. மண்டை ஓட்டின் தட்டையான எலும்புகளும் இவ்விதமே சவ்விலிருந்து நேராக விளைகின்றன. கை கால்களின் நீண்ட எலும்புகளோ முதலில் குருத்தெலும்பாகவே முழு வடிவமும் பெற்றுவிடுகின்றன; எட்டாவது வாரத்தை ஒட்டி அவற்றின் நடுப்பகுதியில் இரத்தக் குழாய்கள் புகுந்து, குருத்தை அரித்து, அரித்த இடத்தில் எலும்பை நிறுவி, இரு முனைகளையும் நோக்கி மெல்லப் பரவுகின்றன. பிறக்கும் நாளிலும் இந்த முனைகள் பெரும்பாலும் குருத்தாகவே இருக்கும். முழங்காலை ஒட்டிய தொடை எலும்பின் கீழ்முனை முக்கியமான விலக்கு. அங்கே ஒன்பதாம் மாதத்தில் ஒரு சிறு எலும்புக் கரு தோன்றிவிடுகிறது. பெக்லார் என்ற பிரெஞ்சு உடற்கூற்று அறிஞரின் பெயரால் வழங்கும் இப்புள்ளிக்கு நீதிமன்றங்களில் ஒரு சோகமான உபயோகம் உண்டு: குப்பையிலோ கிணற்றிலோ கண்டெடுக்கப்பட்ட சிசுவின் சடலம் நிறைமாதத்ததா என்று தீர்மானிக்க, பரிசோதனை மேஜையில் அம்முனையை மெல்லிய வில்லைகளாகச் சீவிப் பார்த்து, வெண்குருத்தின் நடுவே சிவந்த புள்ளி தென்படுகிறதா என்று தேடுவது போலீஸ் வைத்தியர்களின் வழக்கம்.

எலும்பு உருவாவதற்குப் பொருள் மட்டும் போதாது, வேலையும் வேண்டும். கருப்பையில் குழந்தை உதைப்பதைத் தாயும் பாட்டியும் வயிற்றின் மேல் கை வைத்து ரசிக்கிறார்கள். எலும்புக்கு அது தேகப்பயிற்சி. பிறவிக் கோளாறினால் தசைகள் இயங்காமல் கருவிலேயே அசைவற்றுக் கிடந்த குழந்தைகளின் எலும்புகள் மெலிந்தும், பிரசவத்தின்போதே முறியும்படி நொய்ந்தும் இருப்பதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். மாதம் ஏற ஏறக் கருப்பையில் இடம் குறுகி, உதைக்கிற கால் சுவரில் முட்டி எதிர்ப்பைச் சந்திப்பதனால், கடைசி வாரங்களில் இந்தப் பயிற்சியின் பலன் அதிகப்படுகிறது.

பொருளின் கணக்குக்கு வருவோம். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் சரீரத்தில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பில் தங்கியிருக்கிறது. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் சேர்ந்தது. உச்சக்கட்டமான வாரங்களில் நாள் ஒன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் தாயிடமிருந்து சேய்க்குப் போகிறது. நஞ்சுக்கொடி இதை வெறுமனே வழியவிடுவதில்லை, முனைந்து உள்ளே தள்ளுகிறது. அதனால் குழந்தையின் இரத்தத்தில் கால்சியத்தின் அளவு தாயின் இரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகவே நிற்கிறது. இவ்வளவையும் தாயின் எலும்பைக் கரைத்துத்தான் குழந்தை எடுத்துக்கொள்கிறது என்ற பயம் நம் வீடுகளில் பலமாக உண்டு. ஆனால் கர்ப்பிணியின் குடல், உணவிலிருந்து கால்சியத்தை உறிஞ்சும் திறனை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. மேலும், வளர்ந்த பெண்ணின் எலும்புக்கூட்டில் ஒரு கிலோவை ஒட்டிய கால்சியம் இருக்க, முப்பது கிராம் என்பது அதில் மூன்று சதவீதமே. பால் கொடுக்கும் மாதங்களில் தாயின் எலும்பு சற்று மெலிவது மெய்தான். குழந்தை பால் மறந்த பிறகு அந்த மெலிவு பெரும்பாலும் தானே சீர்ப்பட்டுவிடுகிறது. பல பிள்ளைகளைப் பெற்றதனாலேயே முதுமையில் எலும்பு முறியும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இவ்வளவு சாமர்த்தியமான ஏற்பாடும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. குடல் கால்சியத்தை உறிஞ்சுவதற்கு வைட்டமின் டி வேண்டும். அது மனிதருக்குப் பெரும்பாலும் தோலில் வெயில் படுவதனால் உண்டாவது. இந்த நிபந்தனை அடியோடு பொய்த்துப்போனால் என்ன ஆகும் என்பதை மனித குலம் பரிசோதனைக் கூடத்தில் அல்ல, தன் சமூக வழக்கங்களின் மூலம் தன்மேலேயே சோதித்துப் பார்த்திருக்கிறது.

1920-களில் பீகிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் பிரசவ வைத்தியப் பேராசிரியராக இருந்த ஜான் பிரெஸ்டன் மாக்ஸ்வெல் என்ற ஆங்கிலேயர், வடசீனத்து ஷான்ஸி மாகாணத்திலிருந்து எலும்பு மென்மையாகும் நோயோடு வரும் பெண்களைப் பற்றி எழுதத் தொடங்கினார். முதல் கர்ப்பத்தில் இடுப்பிலும் காலிலும் வலியாக ஆரம்பிக்கும் நோய், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாலூட்டலிலும் முற்றி, நடையைத் தள்ளாடச் செய்து, முதுகை வளைத்து, உயரத்தைக் குறைத்து, கடைசியில் இடுப்பெலும்பை உள்நோக்கி மடக்கிப் பிரசவப் பாதையையே அடைத்துவிடும். வயிற்றைக் கிழித்தாலன்றிக் குழந்தை வெளிவராது. பாலும் முட்டையும் காணாத உணவு, கட்டப்பட்ட பாதங்கள், வீட்டுக்குள்ளேயே கழியும் வாழ்க்கை ஆகிய மூன்றும் அப்பெண்களிடம் கூடியிருந்தன. தாயின் நிலை இதுவென்றால் சேயின் நிலை என்ன? குழந்தைகளின் எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ் என்ற நோய் பிறந்த பிறகு வருவதே அன்றிக் கருவில் வராது என்பது அந்நாளில் பல பண்டிதர்களின் அபிப்பிராயம். மாக்ஸ்வெல்லும் லண்டன் நோய்க்கூற்று நிபுணர் டர்ன்புல்லும் 1930-இல் இரண்டு சிசுக்களின் எலும்புகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. தாயின் குறை, பிறக்கும் முன்பே சேயின் எலும்பில் பதிந்திருந்தது. பிற்பாடு அதே கல்லூரியில் லியு ஷிஹ்-ஹாவோவும் அவருடைய சகாக்களும், பாலூட்டும் தாய்க்கு வைட்டமின் டி கொடுத்தால் அவள் உடலில் கால்சியம் தங்குகிறது என்பதை உணவையும் கழிவையும் அளந்தளந்து நிரூபித்தார்கள்.

ஷான்ஸி தூரத்து விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். காஷ்மீரத்தில் பணிபுரிந்த காத்லீன் வாகன் என்ற பெண் வைத்தியர் 1928-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார்: இந்தியாவின் கோஷா முறையும் தாய்மையின் மேல் அதன் விளைவும் என்பதே அதன் பொருள். நகரத்துச் சந்துகளில் கோஷாவில் அடைபட்ட குடும்பப் பெண்களின் இடுப்பெலும்பு உருக்குலைந்து பிரசவம் மரணப் போராட்டமாக இருக்க, திறந்த நீரில் வெயிலிலும் காற்றிலும் உழைக்கும் படகுக்காரப் பெண்கள் அதே ஊரில் சுலபமாகப் பிள்ளை பெறுவதை அவர் கண்டார். வசதியுள்ளவள் நொந்தாள், கூலிக்காரி தப்பினாள். வறுமையைக் காரணமாகச் சொல்லிப் பழகிய பொதுச் சுகாதார நிபுணர்களுக்கு இது சங்கடமான செய்தி. கௌரவம் என்று நாம் கொண்டாடுகிற சில விஷயங்களின் செலவு பெண்ணின் சரீரத்தில்தான் எழுதப்படுகிறது என்பது என் அபிப்பிராயம். அதை மறுக்கிறவர்கள் வாகனின் நூலைப் படித்துவிட்டு மறுக்கட்டும்.

ஒளிக்கும் எலும்புக்கும் உள்ள சம்பந்தத்தை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியவர் பெர்லின் வைத்தியர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி. முதல் உலக யுத்தத்தால் பட்டினி கிடந்த ஜெர்மனியில், 1919-இல், ரிக்கெட்ஸ் கண்ட குழந்தைகளைப் பாதரச விளக்கின் புற ஊதாக் கதிர்களுக்கு அடியில் கிடத்தினார். எக்ஸ்-ரே படங்களில் எலும்புகள் தேறி வருவது பிரத்தியட்சமாகத் தெரிந்தது. ஒரு கையில் மாத்திரம் ஒளியைப் பாய்ச்சினாலும் மற்றக் கையின் எலும்பும் சேர்ந்தே தேறியதைக் கண்டபோது, ஒளி எலும்பின் மேல் நேராக வேலை செய்யவில்லை, தோலில் ஏதோ ஒரு பொருளை உண்டாக்கி இரத்தத்தின் வழியே அனுப்புகிறது என்பது விளங்கிற்று. அதே ஆண்டில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளிடம் மீன் எண்ணெயால் அதே பலனைக் கண்டிருந்தார். இரு பாதைகளும் சந்தித்த இடத்தில் நின்ற பொருளுக்கு வைட்டமின் டி என்று பெயர் ஏற்பட்டது.

கருவிலுள்ள குழந்தைக்கு வெயில் இல்லை. தாயின் இரத்தத்திலிருப்பதில் ஒரு பங்குதான் அதன் கையிருப்பு, அதுவும் தாயின் அளவைவிடக் குறைவாகவே தொப்புள் கொடி இரத்தத்தில் காணப்படுகிறது. தாய்க்கே இல்லையென்றால் சேய்க்கு எங்கிருந்து வரும்? ஜப்பானில் கியோட்டோ நகரத்து வைத்தியர்கள், ஆரோக்கியமாகப் பிறந்த 1,120 குழந்தைகளின் மண்டையைக் கட்டை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார்கள். 22 சதவீதக் குழந்தைகளுக்கு மண்டையோடு ஓரிடத்தில் பிங்பாங் பந்தைப் போல் அமுங்கி, விரலை எடுத்ததும் மேலெழுந்தது. அந்த மெத்தென்ற மண்டைகள் ஏப்ரல், மே மாதங்களில் பிறந்தவர்களிடம் அதிகம், நவம்பரில் பிறந்தவர்களிடம் மிகக் குறைவு. பனிக்காலம் முழுவதையும் கருவில் கழித்தவர்களுக்கும், கோடையைக் கழித்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அது. 2008-இல் வெளியான இந்த ஆராய்ச்சிக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் முதற்படியில் வேண்டியிருக்கவில்லை, கட்டை விரல் ஒன்றே போதுமாயிருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

வருஷம் முழுவதும் சூரியன் காய்கிற நம் தேசத்துக்கு இந்தக் கவலை ஏன் என்று கேட்கலாம். லக்னோவில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், கர்ப்பிணிகளுள் 84 சதவீதத்தினரின் இரத்தத்தில் வைட்டமின் டி போதாமல் இருந்தது. தாயின் குறைவு தொப்புள் கொடியிலும் தெரிந்தது. காய்கிற வெயில் வேறு, மேல் படுகிற வெயில் வேறு. நமக்கு இன்னும் பக்கத்தில், திருப்பதியில், ஆராய்ச்சியாளர்கள் தோலில் இருக்கும் மூலப்பொருளையே மூடிய குப்பிகளில் அடைத்து, மணிக்கு மணி வெயிலில் வைத்து, எப்போது அது வைட்டமினாக மாறுகிறது என்று அளந்தார்கள். காலை பதினொரு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில்தான் மாற்றம் உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்தில் நம் கர்ப்பிணிகள் எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்: அடுப்படியில், அலுவலகத்தில், மில்லில், தையல் மெஷினுக்கு முன்னால், வெளியே போக நேர்ந்தவர்களும் கறுத்துப்போய்விடுவோமென்று முந்தானையையோ குடையையோ தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிழல் நிழலாக நடக்கிறார்கள். பிறந்த குழந்தையைக் காலை ஏழு மணி இளவெயிலில் காட்டும் வழக்கம் நமக்கு உண்டே என்றால், அந்த வெயிலில் கதகதப்பு உண்டு, குழந்தையும் சுகமாகத் தூங்கும். ஆனால் எலும்புக்கு வேண்டிய கதிர்கள் அந்தச் சாய்ந்த வெயிலில் அற்பசொற்பம். கண்ணாடி ஜன்னலுக்குள் வந்து விழும் வெயிலிலோ அவை அறவே இல்லை. இதைக் கேட்டுவிட்டுக் கைக்குழந்தையை உச்சி வெயிலில் போடவும் கூடாது. அதன் தோல் அதைத் தாங்காது.

கால்சியத்தின் விஷயத்தில் ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசவில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1978-இல், ஊட்டம் குறைந்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் 300, 600 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்து, அவர்களுடைய குழந்தைகளின் எலும்பு அடர்த்தி உயர்ந்திருந்ததைத் தெரிவித்தார்கள். ஏறத்தாழ சென்னையின் அட்சரேகையிலேயே இருக்கும், ஆப்பிரிக்க நாடான காம்பியாவின் கெனபா கிராமத்திலோ, உணவில் நாளொன்றுக்கு 350 மில்லிகிராம் அளவே கால்சியம் பெற்றுப் பழகிய பெண்களுக்கு 1,500 மில்லிகிராம் கூடுதலாகக் கொடுத்தும் சேய்களின் எலும்பில் மாற்றமில்லை. போதாக்குறைக்கு, மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் எலும்பு பிற்பாடு சற்று அதிகமாகவே மெலிந்தது. குறைவுக்குப் பழகிய உடல் தனக்கென ஒரு சிக்கனத்தை அமைத்துக்கொண்டிருக்க, திடீர் வரவு அதைக் குலைத்தது என்று ஊகிக்கலாம். கெனபாவின் பெண்கள் வெயிலில் வயல்வேலை செய்கிறவர்கள் என்பதை மறந்துவிடாமல் இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், கால்சியத்தை மாத்திரம் தனியே வைத்துப் பேசுவது எவ்வளவு அரைகுறையானது என்பது புரியும்.

ஆனால் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு, பதினான்காவது வாரம் முதல் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற கால்சியம் மாத்திரையைப் பெட்டியில் போட்டு வைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கால்சியம் குறைந்த உணவை உண்ணும் பெண்களுக்குக் கர்ப்பகால இரத்த அழுத்த ஜன்னியைத் தடுக்கும் சக்தி அதற்கு உண்டு. எலும்பின் வழக்கு எப்படித் தீர்ந்தாலும் அந்த ஒரு காரணமே போதும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து ஒரே வாயில் விழுங்கினால் ஒன்றையொன்று தடுக்கும் என்பதால் இரண்டுக்கும் இடையில் சில மணி நேரம் விடவேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவு கால்சியம் வைத்திருக்கும் கேழ்வரகையும், அதற்குச் சற்றும் இளைக்காத முருங்கைக் கீரையையும், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியையும் கொல்லையிலும் சந்தையிலும் வைத்துக்கொண்டு, விளம்பரத்தில் வரும் டப்பா மாவைத் தேடி ஓடுவானேன் என்பது தனிக் கேள்வி.

வைட்டமின் டியையே கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனை இங்கிலாந்தில் நடந்தது. சௌதாம்ப்டன் நகரத்தில் ஒன்பது வயதுக் குழந்தைகள் 198 பேரை ஆராய்ந்து, கர்ப்பத்தில் தாய்க்கு இக்குறை இருந்திருந்தால் அந்த வயதிலும் பிள்ளையின் எலும்பில் தாதுச் செறிவு குறைந்திருக்கிறதென்று 2006-இல் எழுதியவர்களின் தொடர்ச்சியாக வந்தது அது. பதினான்காவது வாரம் முதல் நாளொன்றுக்கு 1,000 யூனிட் கொடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்கும், வெற்று மாத்திரை பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கும் பிறப்பின்போது எலும்பின் தாது அளவில் மொத்தத்தில் வித்தியாசம் தென்படவில்லை. ஆனால் குளிர்காலத்தில் பிறந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது வித்தியாசம் எழுந்து நின்றது. கியோட்டோவின் கட்டை விரலும் இங்கிலாந்தின் எக்ஸ்-ரே கருவியும் ஒரே பருவத்தைச் சுட்டிக்காட்டியது தற்செயலாக இருக்க முடியாது. அக்குழந்தைகள் ஆறேழு வயதான பிறகு எடுத்த அளவுகளில் வைட்டமின் பெற்ற தாய்மாரின் பிள்ளைகள் பக்கம் அனுகூலம் தெரிந்தது.

கடைசி மூன்று மாதங்களே எலும்பின் விளைச்சல் காலம் என்றோம்; அந்த மூன்று மாதங்களை இழந்து வந்து சேரும் குழந்தைகளின் கதி என்ன? ஏழாம் மாதத் துவக்கத்தில் ஒரு கிலோ எடையோடு பிறக்கும் சிசுவின் சுவாசமும் இதயமும் மூளையும் காப்பாற்றப்பட்ட பிறகே எவரும் எலும்பைப் பற்றி நினைக்கிறார்கள்; எலும்போ சத்தமில்லாமல் காத்திருக்கிறது. கருப்பையில் அக்குழந்தைக்குக் கிடைத்திருக்கக்கூடிய கால்சியத்தையும் பாஸ்பரஸையும் தாய்ப்பால் மாத்திரம் ஈடு செய்ய முடியாது. நிறைமாதக் குழந்தைக்கு அமிர்தமான அந்தப் பாலில், குறைமாதக் குழந்தையின் கணக்குக்குப் பாஸ்பரஸ் மிகவும் கம்மி. நரம்பு வழியே செலுத்தும் திரவத்தில் இரண்டு தாதுக்களையும் தாராளமாகக் கலந்தால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து வெண்பொடியாகப் படிந்துவிடும். நுரையீரலுக்காகக் கொடுக்கும் சில மருந்துகள் சிறுநீரில் கால்சியத்தை வெளியேற்றுகின்றன. உதைக்கச் சுவரும் இல்லை. இத்தனையும் சேர்ந்து, பிறந்த நான்கு வாரங்களுக்கும் பன்னிரண்டு வாரங்களுக்கும் இடையில், மார்புச் சளிக்காக எடுத்த எக்ஸ்-ரே படத்தில் எதிர்பாராமல் ஒரு விலா எலும்பு முறிந்திருப்பதாகத் தெரியவரும்.

அதற்கு முன்பே கண்டுபிடிக்க இரத்தத்தில் பாஸ்பரஸையும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியையும் வாரக்கணக்கில் பார்த்து வருகிறார்கள். முன்னது இறங்கிப் பின்னது ஏறினால் எச்சரிக்கை. பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலில் தாதுக்களடங்கிய பொடியைப் பொட்டலத்திலிருந்து கலந்து கொடுக்கிறார்கள். அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் இக்குழந்தைக்குத் துணி மாற்றுவதைக் கவனியுங்கள்: நிறைமாதக் குழந்தைக்குச் செய்வதுபோல் இரண்டு கணுக்கால்களையும் ஒரு கையில் பிடித்துத் தூக்கமாட்டார், இடுப்புக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, ஒரு பக்கமாக மெல்ல உருட்டித் துணியை உருவுவார். அதே கையால் கை கால்களை நாளுக்குச் சில நிமிஷம் மிதமான எதிர்ப்போடு மடக்கி நீட்டினால் எலும்பில் தாது சேர்வது கூடுகிறதென்று 1990-களில் அமெரிக்காவில் செய்த சிறு பரிசோதனை ஒன்று காட்டிற்று. ஆனால் அது வைத்தியர் மேற்பார்வையில் செய்வது, வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் தேய்த்துக் காலைப் பிடித்து முறுக்கி நீவுவதற்கு அத்தாட்சி அல்ல.

நிறைமாதக் குழந்தைக்கும் ஒரு சோதனை உண்டு. கொடியை வெட்டியதும் நஞ்சுக்கொடி வழியாக வந்துகொண்டிருந்த கால்சியம் சட்டென்று நின்றுபோக, முதல் இரண்டு நாட்களில் அதன் அளவு இரத்தத்தில் இறங்குகிறது; பிறகு குழந்தையின் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. நீரிழிவுள்ள தாயின் குழந்தைக்கும், வைட்டமின் டி வறண்டுபோன தாயின் குழந்தைக்கும் இந்த இறக்கம் ஆழமாகி வலிப்பு வரலாம். அதை ஜன்னியென்று சொல்லி மந்திரிக்கக் கொண்டுபோன காலம் முழுக்கப் போய்விடவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்து, கால்சியத்தை நரம்பில் மெல்ல ஏற்றினால் நிற்கக்கூடிய வலிப்பு அது. பிரசவத்தில் தோள் சிக்கிக் காறை எலும்பு முறிவதைக் கண்டு பதறும் பெற்றோருக்குச் சொல்வதற்கு நல்ல செய்தியே உண்டு: கட்டு எதுவும் பெரிதாகப் போடாமலே இரண்டு மூன்று வாரத்தில் அது கூடிவிடும்.

தாய்ப்பால் ஒரு லிட்டரில் வைட்டமின் டி சாதாரணமாக 100 யூனிட்டுக்கும் குறைவே. குழந்தைக்கு நாளொன்றுக்கு வேண்டியது 400. ஆகவே பிறந்த சில நாட்களிலிருந்து ஒரு வயது வரை சொட்டு மருந்து கொடுக்கும்படி இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தார் சொல்லியிருக்கிறார்கள். கடையில் ஒரு மில்லியில் 400 யூனிட்டும் விற்கிறது, 800 யூனிட்டும் விற்கிறது. சீட்டில் எழுதிய மருந்து இல்லையென்று கடைக்காரர் வேறு குப்பியை எடுத்து நீட்டினால், லேபிளை வாசித்துவிட்டு டிராப்பரின் கோட்டைப் பார்த்து அளக்க வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய பிரிட்டனில் ரிக்கெட்ஸை ஒழிக்கும் உற்சாகத்தில் பால் பவுடரிலும் தானிய மாவிலும் மீன் எண்ணெயிலும் இந்த வைட்டமினைத் தாராளமாகச் சேர்த்ததன் விளைவாக, 1950-களில் வாந்தியும் மலச்சிக்கலும் வளர்ச்சிக் குறைவுமாக, இரத்தத்தில் கால்சியம் மிகுந்த குழந்தைகள் ஆஸ்பத்திரிகளுக்கு வரத் தொடங்கினார்கள். சர்க்கார் அளவைக் குறைத்த பிறகுதான் அந்த வரவு தணிந்தது.